தந்தையார் பெயரில் நிற்கும் வீடு

பொருள் தேடி மும்பைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களில் பலவற்றுக்கு இரண்டு வீடுகள் உண்டு. ஒன்று நாம் இங்கே உறங்கி எழும் வீடு. அது தாராவியில் ஓர் அறையாக இருக்கலாம். மாட்டுங்காவில் பழங்கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியாக இருக்கலாம். செம்பூரில் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் பிளாட்டாக இருக்கலாம். மற்றொன்று ஊரில் இருக்கும் வீடு. பூட்டிக் கிடக்கும், பொங்கலுக்கோ கோயில் கொடைக்கோ ஒரு முறை திறக்கப்படும், ஓடு மாற்ற வேண்டும் என்று ஆண்டுதோறும் பேசப்படும். இரண்டும் தந்தையார் பெயரில் இருக்கும். அவர் இருக்கும்வரை அவை வெறும் வீடுகளே. அவர் கண்மூடிய மறுநாள் முதல் அவை 'சொத்து' ஆகிவிடுகின்றன.

அந்தச் சொத்தை விற்றுக் கணக்குத் தீர்ப்பது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள். சட்டக் கல்லூரித் தோழர்கள் எழுத வேண்டியதை வேதியியல் பயிலும் ஒருவன் எழுதுவானேன் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. என் தந்தையார் மறைந்து இரண்டாண்டுகள் ஆகின்றன. நாங்குநேரிப் பக்கத்தில் எங்கள் வீடு இன்னும் அவர் பெயரிலேயே நிற்கிறது. இவ்விரண்டாண்டுகளில் ஆய்வுக்கூடத்தில் கற்றதைவிடப் பத்திர எழுத்தர் கடைத் திண்ணையில் கற்றது மிகுதி எனலாம். விடுதியில் பேசும்போது, இதே நிலையில் இன்னும் சில தோழர்கள் இருப்பதைக் கண்டேன். இருபது, இருபத்திரண்டு வயதில் தந்தையை இழந்தவனிடம் முதலில் நீட்டப்படுவது ஆறுதல். அடுத்து நீட்டப்படுவது ஒரு தாள். அத்தாளில் கையொப்பமிடுமுன் தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு.

முதற்கேள்வி, வீடு இப்போது யாருடையது என்பது. "அப்பாவுக்குப் பிறகு அம்மாவுக்கு, அம்மாவுக்குப் பிறகு பிள்ளைகளுக்கு" என்று நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். சட்டம் அவ்வாறு வரிசையில் நிற்கச் சொல்லவில்லை. இந்து ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், அவர் தாமே சம்பாதித்த சொத்து 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் மனைவி, மகன்கள், மகள்கள், அவருடைய தாய் ஆகியோருக்கு ஒரே நேரத்தில், சமபங்காகச் சேர்கிறது. பௌத்தர்க்கும் சமணர்க்கும் சீக்கியர்க்கும் இச்சட்டமே. இறந்தவரின் தந்தை உயிரோடு இருந்தாலும் இந்த முதல் வரிசையில் அவருக்கு இடமில்லை; தாய்க்கு உண்டு. பாட்டிக்குப் பங்குண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மறந்தால் என்ன நேரும் என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம்.

ஒருவர் இறக்கிறார். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள், வயதான தாய் ஆகிய ஐவர் இருக்கின்றனர். ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு. ஐந்து கையொப்பம் போதும். "இப்போது என்ன அவசரம்?" என்று இரண்டாண்டு கழிகிறது. அதற்குள் பாட்டியும் மறைகிறார். தாத்தா முன்னரே காலமானவர். பாட்டியின் ஐந்தில் ஒரு பங்கு அவருடைய பிள்ளைகளுக்குப் போகிறது. அவருக்குப் பிள்ளைகள் நால்வர் என்று கொள்வோம்: இறந்துபோன நம் தந்தையார், ஒரு பெரியப்பா, ஒரு சித்தப்பா, ஓர் அத்தை. உயிரோடுள்ள மூவருக்கும் இருபதில் ஒரு பங்கு வீதம். தந்தையாருக்கு வர வேண்டிய இருபதில் ஒன்றை அவருடைய மூன்று மக்களும் பிரித்துக்கொள்ள, ஆளுக்கு அறுபதில் ஒன்று. ஆக வீட்டை அறுபது கூறாக்கினால், மக்கள் மூவருக்கும் 13 கூறு வீதம் 39, அம்மாவுக்கு 12, மற்ற மூவருக்கும் 3 வீதம் 9. கையொப்பம் ஐந்திலிருந்து ஏழாகிவிட்டது. பின்னர் அத்தை மறைந்து, மாமாவும் மூன்று பிள்ளைகளும் இருப்பார்களானால், அவர்களுக்கு எண்பதில் ஒன்று வீதம், கையொப்பம் பத்து.

கரைசலில் நீர் ஊற்ற ஊற்றச் செறிவு குறையும். ஆனால் கரைந்த பொருள் எங்கும் போய்விடாது. பங்கும் அவ்வாறே. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. எண்பதில் ஒரு பங்குள்ளவர் மறுத்தாலும், ஐந்தில் ஒரு பங்குள்ளவர் மறுத்தாலும், முழு வீட்டை விற்பது ஒரே அளவுக்குத் தடைபடும். பங்கு நீர்த்துப்போகிறது, கையொப்பம் நீர்த்துப்போவதில்லை. தாமதத்தின் விலை இதுவே.

நம் சங்கத்தில் எல்லாச் சமயத்தாரும் உளர் ஆதலால் இதையும் கூறிவிடுகிறேன். கிறிஸ்தவர்க்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம்: மனைவிக்கு மூன்றில் ஒன்று, எஞ்சிய மூன்றில் இரண்டு மக்களுக்குச் சமமாக. மக்கள் இருக்கையில் இறந்தவரின் தாய்க்குப் பங்கில்லை. இசுலாமியர்க்கு ஷரீஅத் முறை: மக்கள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, மகளுக்கு மகனுடைய பங்கில் பாதி.

இனி, பலர் வீட்டில் பூசல் விளைவிக்கும் இடத்துக்கு வருவோம். மகளின் பங்கு பற்றிப் பேசும்போது, "1989க்கு முன் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பங்கில்லை" என்று ஊரில் அடித்துப் பேசுவார்கள். அந்த ஆண்டு காற்றில் பிறந்ததன்று. தமிழ்நாடு தன் சட்டத்தைத் திருத்தி 1989 மார்ச் 25 முதல் பெண்களையும் கூட்டுக்குடும்பப் பங்காளிகளாக ஆக்கியது. அந்நாளுக்குமுன் மணமான பெண்களை விலக்கியது. மகாராட்டிரம் 1994இல் அத்தகைய திருத்தம் செய்தது. ஆனால் அத்திருத்தங்கள் பூர்விகச் சொத்தைப் பற்றியவை. தந்தையார் தம் மில் கூலியிலோ அலுவலகச் சம்பளத்திலோ வாங்கிய வீட்டைப் பற்றியவை அல்ல. அவ்வீட்டில், உயில் இல்லாவிட்டால், மகளுக்கு 1956 முதலே சமபங்கு உண்டு. பூர்விகச் சொத்திலும் 2005 செப்டம்பர் 9 முதல் நடப்புக்கு வந்த மத்தியத் திருத்தம் பழைய வேறுபாட்டை நீக்கியது. மகளின் உரிமை பிறப்பால் வருவது, அந்நாளில் தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20க்கு முன் முறையாகப் பதிவான பாகப்பிரிவினைகளை மட்டும் அது தொடாது.

எங்கள் வீட்டில் இது ஏட்டுச் சுரைக்காயாக இருக்கவில்லை. காரியம் முடிந்த பதினாறாம் நாள் சித்தப்பா என்னைத் தனியே அழைத்து, "ஏல, அக்காளுக்குத்தான் நகை, சீரு எல்லாம் செஞ்சாச்சே. அவகிட்ட விடுதலைப் பத்திரத்துல ஒரு கையெழுத்து வாங்கிரு. பொறவு மச்சான் ஏதாச்சும் சொல்லுவாரு" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஊர் வழக்கத்தைச் சொன்னார். அக்காளும் கேட்டிருந்தால் போட்டுக் கொடுத்திருப்பாள். அதுதான் என்னைத் தடுத்தது. கேட்டால் மறுக்கமாட்டாள் என்பது தெரிந்த ஒருவரிடம், அழுகை ஓயாத நாளில், கேட்பது முறையா? நகை சீராகக் கொடுக்கப்பட்டது. பங்கு சட்டத்தால் வந்தது. ஒன்று மற்றொன்றின் விலை அன்று. பங்கு வேண்டாம் என்று அக்காள் ஒருநாள் தானாகச் சொன்னால் அது அவள் உரிமை. அன்று எழுத வேண்டியது பதிவு செய்த விடுதலைப் பத்திரமே. வெள்ளைத் தாளில் 'பாத்தியமில்லை' என்று எழுதி வாங்குவது வீட்டு மனையைப் பொறுத்தவரை பயனற்றது. குடும்பத்தாருக்குள் எழுதும் இத்தகைய பத்திரங்களுக்கு முத்திரைக் கட்டணம் விற்பனைக்கு ஆவதைவிட மிகக் குறைவு. ஆகவே செலவைக் காட்டித் தட்டிக்கழிக்க வேண்டியதில்லை.

ஒரு பங்காளி தம் பங்கை மட்டும் வெளியாருக்கு விற்கலாமா? விற்கலாம். ஆனால் 1956ஆம் ஆண்டுச் சட்டம், உடன்வாரிசுகளுக்கு அப்பங்கை முதலில் வாங்கிக்கொள்ளும் முன்னுரிமை தந்திருக்கிறது. குடும்பம் வாழும் வீட்டில் ஒரு பங்கை வாங்கிய வெளியார், உள்ளே வந்து உடன் குடியிருக்கவும் உரிமை கோர முடியாது. இதனால் பிரிபடாத பங்குக்கு நல்ல விலை கிடைப்பதரிது. பங்காளிகள் ஒன்றாக நின்று விற்பதே எல்லோருக்கும் ஆதாயம்.

தம்பியோ தங்கையோ பதினெட்டு வயது நிரம்பாதவராக இருந்தால் இன்னொரு தடை உண்டு. தந்தையாரின் சுயசம்பாத்தியத்தில் அச்சிறுவனுக்குக் கிடைத்த பங்கு அவனுடைய தனிச்சொத்து. தாயே ஆனாலும் அதை விற்க நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். அனுமதியின்றி விற்றால், அவன் வயது வந்தபின் மூன்றாண்டுகளுக்குள் வழக்கிட்டு அவ்விற்பனையைத் தள்ளிவைக்கலாம். வாங்குவோர் இதற்கு அஞ்சுவது இயல்பு. தம்பிக்குப் பதினேழு வயதானால், நீதிமன்றப் படி ஏறுவதைவிட ஓராண்டு காத்திருப்பது எளிதென்று சிலர் காத்திருக்கிறார்கள். தவறென்று சொல்ல மாட்டேன். அந்த ஓராண்டில் பாட்டியின் உடல்நிலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உயில் இருந்தால் கதை வேறு. இரண்டு சாட்சிகள் முன் எழுதி ஒப்பமிட்ட உயில் செல்லும்; முத்திரைத்தாள் வேண்டாம்; பதிவும் கட்டாயமில்லை, ஆயினும் பதிந்துவைப்பது நல்லது. மும்பை, சென்னை, கல்கத்தா நகரங்களின் எல்லைக்குள் எழுதிய உயிலுக்கும், அவ்வெல்லைக்குள் உள்ள வீடு நிலங்களைப் பற்றிய உயிலுக்கும் இந்துக்கள் உயர்நீதிமன்றத்தில் 'புரொபேட்' என்ற மெய்ப்பிதழ் பெற்றாக வேண்டும் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. வெள்ளையர் ஆட்சி விட்டுச்சென்ற அவ்விதியை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கியது. இனிப் புரொபேட் வாங்கக்கூடாது என்பதன்று பொருள், கட்டாயமில்லை என்பதே. உயிலின்மேல் பூசல் இருக்குமிடத்தில் அதை வாங்கிவைப்பதே அறிவுடைமை.

உயிலோடு குழப்பிக்கொள்ளும் மற்றொன்று 'நாமினி'. செம்பூர்ச் சொசைட்டியில் தந்தையார் மூத்த மகனை நாமினியாக எழுதிவைத்திருப்பார். அவனும் வீடு தனக்கே என்று எண்ணிக்கொள்வான். நாமினி என்பவர் வாங்கிவைத்திருப்பவர், உரிமையாளர் அல்லர். ஆயுள் காப்பீட்டுத் தொகை பற்றி 1984இலேயே உச்சநீதிமன்றம் இதைக் கூறிவிட்டது. 2016இல், கூட்டுறவுச் சங்கம் நாமினி பெயருக்கு மாற்றித்தான் ஆக வேண்டும், ஆயினும் மற்ற வாரிசுகள் தம் உரிமையை நிலைநாட்ட வழக்கிடலாம் என்றது. நம் மும்பை வீடுகளின் சுவரில் தொங்கும் 'காலநிர்ணய்' நாட்காட்டியை நிறுவிய ஜயந்த் சால்காவ்கரின் குடும்ப வழக்கிலும், பங்குப் பத்திரங்களைக் குறித்து 2023 டிசம்பர் 14இல் அதே முடிவே வந்தது. நாட்காட்டி பார்த்து நல்ல நாள் குறிக்கும் நகரத்தில், அந்நாட்காட்டிக் குடும்பமே பத்தாண்டுக் காலம் இக்கேள்விக்கு விடை தேடியது என்றால், நாமினிச் சீட்டை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க முடியாது என்பது விளங்கும்.

செம்பூர்ப் பிளாட்டை விற்குமுன் பங்குச் சான்றிதழில் பெயர் மாற வேண்டும். நாமினி இல்லையேல், சங்கம் நாளிதழில் அறிவிப்புக் கொடுத்து, உரிமை கோருவோர் யாரேனும் உளரா என்று கேட்டு, ஈட்டுறுதிப் பத்திரம் வாங்கிக்கொண்டு பெயரை மாற்றும். வாரிசுக்கு மாற்றுவதற்கு மாற்றுப் பிரீமியம் கிடையாது. பின்னர் வெளியாருக்கு விற்கும்போதும் மும்பையில் அது 25,000 ரூபாய்க்கு மேற்படக் கூடாது. 'நன்கொடை' என்ற பெயரில் கூடுதலாகக் கேட்டால் கொடுக்க வேண்டிய கடமை இல்லை.

மாட்டுங்காவின் நிலை வேறு. 1896இல் பிளேக் பரவிய பின் 1898இல் அமைந்த நகர மேம்பாட்டு டிரஸ்டு திட்டமிட்டு மனை பிரித்த பகுதி அது. தென்னிந்தியர் பெருகி வாழ்ந்த அப்பழங்கட்டடங்களில் பல இன்றும் 'பகடி' முறையில் உள்ளன. பெருந்தொகை கொடுத்து நுழைந்து, சிறு வாடகை கட்டி, தலைமுறையாக வாழ்வார்கள். உரிமையாளர் போலத் தோன்றுவார்கள். சட்டத்தின் கண்ணில் அவர்கள் வாடகைதாரரே. மகாராட்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999இல் இயற்றப்பட்டு 2000 மார்ச் 31 முதல் நடப்புக்கு வந்தது. அதன்படி வாடகைதாரர் இறந்தால், அவர் இறக்கும்போது உடன் வாழ்ந்த குடும்பத்தாருக்கே குடியிருப்புரிமை செல்கிறது. உடன் வாழ்ந்தவர் ஒருவரும் இல்லையென்றால்தான் மற்ற வாரிசுகள். வாடகையுரிமையை உயிலால் வேண்டியவருக்குக் கொடுத்துவிட முடியாது என்றும் 1994இல் உச்சநீதிமன்றம் கூறியது. ஆகவே புனேயிலும் துபாயிலும் இருக்கும் அண்ணன்மார், தாயுடன் மாட்டுங்காவில் தங்கிய தங்கையிடம் "மூன்றாகப் பிரி" என்றால், கணக்கு அவர்கள் நினைப்பதுபோல் அமையாது. அவ்வறையைக் கைமாற்றுவதற்கும் கட்டட உரிமையாளரின் இசைவு வேண்டும். பணத்தில் அவருக்கும் ஒரு பங்கு போகும்.

தாராவியைப் பற்றி எழுதப் பேனா தயங்குகிறது. திருநெல்வேலியிலிருந்து வந்து தோல் பதனிட்ட கைகள் சதுப்பை மேடாக்கிக் கட்டிய ஊர் அது. ஆயினும் நிலத்தின் பெரும்பகுதி மாநகராட்சியினுடையது. தந்தையார் விட்டுச்சென்றது நிலமன்று. ஒரு கட்டுமானமும், மறுகுடியமர்த்தலில் இடம்பெறும் தகுதியும் ஆகும். அங்கே அறைகள் நூறு ரூபாய்த் தாளில், நோட்டரி முத்திரையுடன் கைமாறுவதை நாம் அறிவோம். அத்தாள் கிரயப் பத்திரம் ஆகாது. மறுசீரமைப்புத் திட்டம் 2022இல் ஏலம் போய், 2024 மார்ச்சில் வீடுவீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கியது. அரசு வகுத்த முறைப்படி, 2000 சனவரி 1க்கு முன்னர் தரைத்தளத்தில் குடியிருந்தோர்க்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு, விலையின்றி. அதற்குப் பின் 2011 சனவரி 1 வரை வந்தோர்க்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை இலட்ச ரூபாய்க்கு. மேல்தளத்தார்க்கும் 2022 நவம்பர் 15 வரை வந்தோர்க்கும் தவணை முறையில் வாடகை வீடு.

இதன் விளைவைப் பாருங்கள். 1976ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தந்தையாருக்குக் கிடைத்த போட்டோ பாஸ், 2000க்கு முந்திய வாக்காளர் பட்டியலில் அவர் பெயர் இருந்த பக்கம், பழைய மின்கட்டண ரசீது: இவை இன்று பத்திரத்துக்குச் சமானம். மறைந்தவரின் பொருள்களை அப்புறப்படுத்தும்போது பழந்தாள் என்று காயலான் கடைக்குப் போவனவும் இவையே. இரும்புப் பெட்டியைத் துப்புரவு செய்வதை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். கணக்கெடுப்புப் பட்டியலில் இறந்தவர் பெயர் இருந்தால், வாரிசுச் சான்றுடன் பெயர் மாற்றக் கோரிக்கை கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிவையுங்கள். பட்டியலில் தகுதி உறுதியாகுமுன் குறைந்த விலைக்கு 'அறையை எழுதிக்கொடு' என்று வருவோர் மிகுதி. அவசரமாக விற்பவர் விற்பது அறையை மட்டுமன்று.

இனி ஊர் வீடு. முதலில் இறப்புச் சான்றிதழ். பத்துப் படிகளாவது வாங்கிவையுங்கள். அடுத்து வாரிசுச் சான்றிதழ். தமிழ்நாட்டில் அதை வட்டாட்சியர் தருகிறார். மும்பையிலோ நீதிமன்றம் போக வேண்டும். 1827ஆம் ஆண்டுப் பம்பாய் ஒழுங்குவிதி ஒன்றின்கீழ் வாரிசுரிமைச் சான்று இன்றும் வழங்கப்படுகிறது என்பது வியப்பூட்டும் செய்தி. இரயில் ஓடுமுன்னரே எழுதிய விதி! வாரிசுச் சான்று என்பது இன்னார் இன்னார் வாரிசுகள் என்ற பட்டியலே. பங்குப் பூசலை அது தீர்க்காது. வங்கிப் பணத்துக்கும் பங்குப் பத்திரத்துக்கும் நீதிமன்றம் தரும் 'சக்சஷன் சர்ட்டிபிகேட்' வீடு நிலத்துக்கு உரியதன்று. அதற்காக வீணே அலைய வேண்டாம்.

மும்பைத் தமிழர்க்கே உரிய ஒரு தொல்லை பெயரில் இருக்கிறது. ஊர்ப் பத்திரத்தில் தந்தையார் பெயர் முன்னெழுத்தோடு இருக்கும். இங்கே வந்ததும், தன் பெயர், தகப்பன் பெயர், குலப்பெயர் என்று மூன்று கட்டம் கொண்ட படிவத்தில் ஏதோ ஒரு குமாஸ்தா நிரப்பியிருப்பார். முன்னெழுத்து விரிந்து, தாத்தா பெயர் குலப்பெயராகியிருக்கும். இறப்புச் சான்றிதழில் ஒருவர், பட்டாவில் வேறொருவர்! இருவரும் ஒருவரே என்று பிரமாண வாக்குமூலம் கொடுத்து, பள்ளிச் சான்று, குடும்ப அட்டை என்று சங்கிலிபோல் கோத்துக் காட்ட வேண்டியிருக்கும். பெற்றோர் உயிரோடிருக்கும் தோழர்கள் அடுத்த விடுமுறையில் இதை மட்டுமாவது சரிபார்த்து வைக்கலாம்.

பின்னர் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா. வில்லங்கச் சான்றை இப்போது இங்கிருந்தே பதிவுத்துறையின் இணையதளத்தில் பார்க்கலாம். தந்தையார் ஐந்தாண்டுக்கு முன் வாங்கிய கடனுக்கு வீடு ஈடாக இருந்து, கடன் அடைந்தும் ரசீதுப் பத்திரம் பதியாமல் இருந்தால் அங்கே தெரிந்துவிடும். பட்டா உரிமையை உண்டாக்குவதில்லை. எனினும் பட்டா மாறாமல் வாங்குபவர் முன்பணம் தர மாட்டார். வாரிசுகள் எல்லோர் பெயரிலும் கூட்டுப்பட்டாவாக மாற்றிக்கொண்டு விற்பனைக்குப் போவதே நேர்வழி. ஊர் நடுவில் நத்தத்தில் கட்டிய வீடுகளுக்குத் தாய்ப்பத்திரமே இல்லாதிருக்கலாம்; அங்கே நத்தம் பட்டாவும் வீட்டுவரி ரசீதுமே துணை.

அம்மாவால் ஊருக்குப் போய்வர இயலாது என்றால் அதிகார ஆவணம், அதாவது 'பவர்' எழுதலாம். நோட்டரியிடம் முத்திரை வாங்கி ஊருக்கு அஞ்சலில் அனுப்பிவிட்டு விற்பனை முடியுமென்று காத்திருப்போர் உண்டு. அது நடவாது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, எழுதிக்கொடுப்பவர் வாழும் பகுதியின் சார்பதிவாளர் முன்னிலையில், அதாவது இங்கே மும்பையில், அது எழுதப்பட்டு உறுதி செய்யப்பட வேண்டும். யாருக்குக் கொடுக்கிறோம், விலை பேச மட்டுமா, பணம் பெறவுமா என்பதை வரையறுத்து எழுதுங்கள். பணம் பெறும் அதிகாரத்தைக் கொடுக்காமலே பவர் எழுத முடியும். இதை எங்களுக்குச் சொன்னவர் ஒரு பத்திர எழுத்தரே, அவருக்கு நன்றி. தந்தையார் உயிரோடிருந்தபோது யாருக்கேனும் பவர் கொடுத்திருந்தால், அது அவரோடு முடிந்தது. அவர் மறைந்தபின் அதைக் காட்டி எழுதிய கிரயம் வாரிசுகளின் பங்கைக் கொண்டுபோகாது. பவர் பத்திரத்தையே விற்பனையாகக் கொள்ளும் வழக்கத்தையும் 2011இல் உச்சநீதிமன்றம் செல்லாதென்றது.

வரியைப் பற்றி இரண்டு வார்த்தை. தந்தை சொத்து மகனுக்கு வருவதற்கு இந்தியாவில் வரியில்லை. எஸ்டேட் வரி 1985இலேயே ஒழிந்தது. விற்கும்போதுதான் மூலதன ஆதாய வரி. தந்தையார் வாங்கிய விலையே நமக்கும் வாங்கிய விலை. 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கியதானால், அன்றைய சந்தை மதிப்பை வைத்துக்கொள்ளலாம். 2024 சூலை 23க்கு முன் வாங்கிய வீடுகளுக்கு இரு வழி உண்டு: நேர் ஆதாயத்தில் 12.5 விழுக்காடு, அல்லது பணவீக்கக் குறியீட்டால் பழைய விலையைப் பெருக்கிக் கழித்து 20 விழுக்காடு. எது குறைவோ அதைக் கட்டலாம். 2025-26ஆம் நிதியாண்டின் குறியீட்டெண் 376, 2001-02இல் 100. 2001இல் 2 இலட்சம் மதிப்புள்ள வீடு 30 இலட்சத்துக்குப் போனால், முதல் வழியில் 28 இலட்சத்துக்கு மூன்றரை இலட்சம் வரி. இரண்டாம் வழியில் 2 இலட்சம் 7.52 இலட்சமாகப் பெருகி, எஞ்சிய 22.48 இலட்சத்துக்கு ஏறத்தாழ நாலரை இலட்சம். முதல் வழி நன்று. 2001இல் 8 இலட்சம் மதிப்பிருந்தாலோ, இரண்டாம் வழியில் வரியே இல்லை. சமன்பாடு போட்டுப் பார்த்தேன்: விற்பனை விலை 2001 மதிப்பைப் போல் எட்டேகால் மடங்குக்குச் சற்று மேல், அதாவது 8.36 மடங்கு, ஆகும் இடத்தில் இரு வழியும் சமம். அதற்குக் கீழே இருந்தால் பழைய முறை. மேலே போனால் புதிய முறை. ஆகவே 2001 மதிப்பைச் சான்று பெற்ற மதிப்பீட்டாளரிடம் எழுதி வாங்குவதற்கு ஆகும் செலவு வீண் செலவன்று. வரியும் ஒவ்வொரு வாரிசுக்கும் தனித்தனியே. அம்மாவின் பங்குக்கு அம்மா, அக்காளின் பங்குக்கு அக்காள்.

ஆகவே பணத்தையும் தனித்தனியே பெறுங்கள். "எல்லாம் தம்பி கணக்கிலேயே வரட்டும், பிறகு பிரித்துக்கொள்ளலாம்" என்பது அன்பின் மொழிதான். ஆனால் கிரயப் பத்திரத்தில் யார் யார் எவ்வளவு பெற்றனர் என்று எழுத வேண்டியிருக்கிறது. வருமான வரித்துறைக்கும் அதுவே கணக்கு. ரொக்கமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ வாங்குவதைச் சட்டம் தடுக்கிறது. பதிவு நாளன்று ஆளுக்கொரு வங்கி வரைவோலையாகக் கேட்டு வாங்கி, எண்ணையும் தொகையையும் பத்திரத்தில் எழுதியது சரிதானா என்று ஒத்துப் பார்த்து, அதன்பின் கைரேகை வைக்க உட்காருங்கள். எங்கள் வீட்டுக்கு வாங்குவோர் ஒருவர் வந்திருக்கிறார், கூட்டுப்பட்டாவுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். அதில் அம்மாவின் பெயருக்கு அடுத்து அக்காளின் பெயர் இருக்கிறது.